பாப்லர் நகரத் தந்தை ஜார்ஜ் லான்ஸ்பரி

இந்திய விடுதலை இயக்கத்தின் வரலாற்றைப் பயில்வோர் ஜார்ஜ் லான்ஸ்பரி என்னும் பெயரை ஓரிரு இடங்களில் கண்டிருத்தல் கூடும். அடையாற்றைத் தம் இருப்பிடமாகக் கொண்டு அரசியற் பணியாற்றிய அன்னி பெசண்ட் அம்மையார் இந்தியாவின் தன்னாட்சி வேண்டி உருவாக்கிய மசோதாவை, 1925ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையில் கொண்டுவந்தவர் அவரே. 1932 முதல் 1935 வரை பிரிட்டனின் தொழிற்கட்சிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. எனினும், அவர்தம் வாழ்வின் பெரும்பணி நாடாளுமன்றத்தில் நிகழ்ந்ததன்று. இலண்டனின் கிழக்குப் பகுதியில், கப்பல் துறைகளின் ஓரத்தே அமைந்த பாப்லர் என்னும் ஏழை நகரில், ஓர் உள்ளாட்சி உறுப்பினராக அவர் ஆற்றிய தொண்டே அவரை நினைக்கச் செய்வது. தள்ளாத முதியோரையும் பிணியாளரையும் கண்பார்வையற்றோரையும் காக்க வேண்டியவர் யார், அதற்குரிய செலவை ஏற்க வேண்டியவர் யார் என்னும் இரு வினாக்களை அவர் அரை நூற்றாண்டுக் காலம் எழுப்பிக்கொண்டே இருந்தார்.

இளமை

லான்ஸ்பரி 1859ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில் பிறந்தார். தந்தையார் இருப்புப்பாதை அமைக்கும் பணியில் ஊர் ஊராகச் சென்ற தொழிலாளி. குடும்பம் இறுதியில் கிழக்கு இலண்டனில் குடியேறியது. பள்ளிப் படிப்பு மிகுதியும் வாய்க்கவில்லை. சிறு வயதிலேயே நிலக்கரி சுமக்கும் வேலை வந்து வாய்த்தது. 1880இல் பெஸ்ஸி என்னும் நங்கையை மணந்தார். 1884இல் குடியேற்ற விளம்பரங்களை நம்பி மனைவி மக்களுடன் ஆஸ்திரேலியாவிற்குக் கப்பலேறினார். அங்கே அவருக்குக் கிடைத்தது கல் உடைக்கும் வேலையும் பட்டினியுமே. மாமனார் பணம் அனுப்பிய பின்னரே ஊர் திரும்ப முடிந்தது. உழைக்க உடலும் மனமும் இருந்தும் ஒருவன் பிறர் கையை எதிர்நோக்கும் நிலைக்கு ஆளாகலாம் என்பதை அவர் நூல்களிலிருந்து கற்கவில்லை. ஊர் திரும்பிய பின் மாமனாரின் மர அறுவை ஆலையில் பணியாற்றிக்கொண்டே அரசியலில் இறங்கினார்.

ஏழையர் இல்லம்

1893ஆம் ஆண்டு தம் 34ஆம் வயதில் பாப்லர் ஏழையர் காப்பாளர் குழுவிற்கு அவர் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அக்குழு எத்தகையது என்பதை ஈண்டு சற்று விளக்குதல் வேண்டும்.

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தின்படி, ஊர்கள் பல சேர்ந்த ஒவ்வோர் ஒன்றியத்திலும் தேர்ந்தெடுக்கப்பெற்ற காப்பாளர் குழு ஒன்று இயங்கியது. வறுமையால் உதவி வேண்டி வருவோரை 'ஒர்க்ஹவுஸ்' என்னும் விடுதியில் சேர்ப்பதே அதன் முதன்மைப் பணி. விடுதிக்குள் வாழும் வாழ்வு, வெளியே மிகத் தாழ்ந்த கூலி பெறுவோனின் வாழ்வைக் காட்டிலும் கசப்பாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தை வகுத்தோரின் கொள்கை. உழைக்கத் தெம்புள்ள சோம்பரை அச்சுறுத்தவே அவ்விதி எழுந்தது என்பர். ஆயின், நாளடைவில் அவ்விடுதிகளை நிறைத்தவர்கள் சோம்பர் அல்லர். வேலை செய்து தேய்ந்த முதியோர், கைம்பெண்கள், நோயாளர், கண்ணிழந்தோர், மூளை வளர்ச்சி குன்றியோர் ஆகியோரே அங்கு மிகுந்திருந்தனர். சோம்பர்க்கு விதித்த தண்டனையை முதுமைக்கும் ஊனத்திற்கும் விதித்தது அச்சட்டம் எனலாம்.

வாயிலில் நுழைந்தவுடன் சொந்த உடை களையப்பெறும். விடுதியின் சீருடை தரப்பெறும். ஆடவர் ஒருபுறம், மகளிர் மறுபுறம் எனப் பிரிக்கப்பெறுவர். நாற்பதாண்டுகள் ஒன்றாக வாழ்ந்த கணவனும் மனைவியும் முதுமையில் தனித்தனிக் கூடங்களில் உறங்கினர். அறுபது வயது கடந்த தம்பதியர் ஓர் அறையில் தங்கலாம் என 1847ஆம் ஆண்டிலேயே விதி தளர்த்தப்பெற்றிருந்தும், அதற்கான அறைகளைக் கட்டிய விடுதிகள் சிலவே. ஏழையர் சட்டத்தின்கீழ் உதவி பெற்றோர் வாக்குரிமையை இழந்தனர். 1918ஆம் ஆண்டில்தான் அத்தடை முற்றிலும் நீங்கியது. விடுதியில் இறந்து, உரிமை கோர எவரும் இல்லாத உடல், 1832ஆம் ஆண்டின் சட்டத்தின்படி மருத்துவப் பள்ளியின் அறுவை மேசைக்கும் செல்லக்கூடும். அக்காலத்து ஏழை முதியோர் மரணத்திற்கு அஞ்சியதினும் ஒர்க்ஹவுஸில் மரணமடைவதற்கு அஞ்சினர் என்பது மிகைக்கூற்றன்று.

இவ்விடுதிக்குள் உறுப்பினராக முதன்முதல் நுழைந்தபோது கண்ட காட்சிகளை லான்ஸ்பரி 1928இல் வெளியிட்ட தம் தன்வரலாற்றில் விரித்துரைக்கின்றார். சாவிகளின் ஓசை, அதட்டும் குரல்கள், பெரிய பேரேடுகள், சேர்க்கப்பெறுவோரிடம் கேட்கும் கேள்விகள் ஆகிய யாவும் அவருக்குச் சிறைச்சாலையையே நினைவூட்டின. முதியோர்க்கு வழங்கிய கஞ்சியில் எலிப் புழுக்கை கிடந்ததைக் கண்டு அவர் வெகுண்டார். விடுதி நிருவாகத்தை முற்றிலும் மாற்றாமல் ஓய்வதில்லை எனத் துணிந்தார்.

அவருக்குத் துணையாக நின்றவர் வில் குரூக்ஸ். இவர் தம் சிறு பருவத்தில், தந்தை ஊனமுற்றுக் குடும்பம் வறுமையில் வீழ்ந்தபோது, அதே பாப்லர் விடுதியில் அடைபட்டவர். விடுதியில் குழந்தையாகக் கிடந்தவர், பின்னாளில் அதே விடுதியை ஆளும் குழுவின் தலைவரானார். இருவரும் சேர்ந்து செய்த மாற்றங்கள் பார்வைக்குச் சிறியன. சீருடை ஒழிந்து வெளியுலக மக்கள் அணியும் உடை வந்தது, உணவு உண்ணத்தக்கதாயிற்று, கடுமை காட்டிய அலுவலர் விலக்கப்பெற்றனர். குழந்தைகள் விடுதிச் சூழலினின்றும் அகற்றப்பெற்று, எசெக்ஸ் மாவட்டத்து ஹட்டனில் எழுப்பிய நல்ல பள்ளிக்கு மாற்றப்பெற்றனர். இவற்றினும் முதன்மையானது, முதியோரை விடுதிக்கு இழுக்காமல் அவரவர் வீட்டிலேயே வாழ விட்டு வாரந்தோறும் உதவித்தொகை வழங்கியமை. வீட்டிலிருப்போர்க்கு உதவி வழங்குதல் ஏழைகளைக் கெடுக்கும் என்று நடுவண் அதிகாரிகள் நம்பிய காலம் அது. ஆதலின் பாப்லர் குழுவினர்மீது ஊதாரிகள் என்னும் பழி எழுந்தது. 1906இல் அரசின் தலைமை ஆய்வாளர் டேவி என்பார் விசாரணை நடத்தினார். செலவு மிகுதி என்று அவர் கண்டாரேனும், லான்ஸ்பரியின் கையில் கறை ஏதும் அவரால் காண இயலவில்லை.

நால்வர் ஒப்பமிட்ட அறிக்கை

ஏழையர் சட்டத்தை ஆராய 1905இல் அரசு ஒரு பேராணைக்குழுவை நிறுவியது. அறநிறுவனங்களின் பேரறிஞர் பலர் அதில் இடம்பெற்றனர். அவரிடையே மர ஆலையிலிருந்து வந்த லான்ஸ்பரியும் ஒருவர். நான்காண்டுகள் கழித்து, 1909இல் பெரும்பான்மையோர் ஓர் அறிக்கையும், லான்ஸ்பரி, பியட்ரிஸ் வெப் அம்மையார், ரசல் வேக்ஃபீல்டு, பிரான்சிஸ் சாண்ட்லர் ஆகிய நால்வர் மற்றோர் அறிக்கையும் அளித்தனர். பின்னதன் எழுத்துப்பணியில் பெரும்பகுதி வெப் தம்பதியருடையது. ஆயினும் விடுதியின் உட்புறத்தைப் பதினைந்தாண்டுகள் கண்ட அனுபவம் லான்ஸ்பரியினுடையது.

அந்நால்வர் சொன்னது இது. ஏழை என்று ஒரு தனிச் சாதியைப் படைத்து, அதற்கென்று ஒரு தனி ஆட்சியை வைப்பது தவறு. நோயுற்றவர் நோயாளர், அவரைக் காப்பது நகராட்சியின் சுகாதாரக் குழுவின் பணி. மனநலம் குன்றியோர் அதற்கான குழுவின் பொறுப்பு. குழந்தைகள் கல்விக் குழுவின் பொறுப்பு. முதியோர் ஓய்வூதியக் குழுவின் பொறுப்பு. எல்லாக் குடிமக்களுக்கும் பணி செய்யும் அதே உள்ளாட்சி மன்றம், அதே துறைகள் வழியாக இவர்க்கும் பணி செய்தல் வேண்டும். இன்று இது நமக்குப் புதுமையாகத் தோன்றாது. அன்று அரசு இதனை ஏற்கவில்லை.

இக்கருத்திற்கு வழி திறந்த நிகழ்ச்சி ஒன்று அப்போதுதான் நடந்திருந்தது. 1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தின்படி, எழுபது வயது நிரம்பிய வறியோர்க்கு வாரம் 5 ஷில்லிங் வரை வழங்கும் முறை 1909 சனவரி முதல் நாள் தொடங்கியது. தகுதியைத் தீர்மானிக்கும் குழுக்களை உள்ளாட்சி மன்றங்களே அமைத்தன. பணத்தை அஞ்சலகம் வழங்கியது. அஞ்சலகத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பர். ஆங்கே இகழ்ச்சி இல்லை. எனினும், ஏழையர் சட்டத்தின்கீழ் உதவி பெற்ற முதியோர்க்கு முதல் ஈராண்டுகள் இவ்வூதியம் மறுக்கப்பெற்றது. அத்தடை 1911இல் நீங்கியதும், காப்பாளர் குழுக்களிடம் வீட்டு உதவி பெற்றுவந்த முதியோரின் தொகை நாடெங்கும் விரைந்து குறைந்தது. கண்பார்வையற்றோர்க்கு 1920இல் தனிச் சட்டம் வந்தது. அவர்க்கு ஓய்வூதிய வயது ஐம்பதாயிற்று. அவர்தம் நலனுக்கு ஏற்பாடு செய்வது மாவட்ட, பெருநகர மன்றங்களின் கடமையும் ஆயிற்று. அச்சட்டம் நிறைவேறிய ஆண்டில் கண்பார்வையற்ற தொழிலாளர் பலர் ஊர்களிலிருந்து இலண்டனுக்குக் கால்நடையாகவே பேரணி வந்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

1910இல் நாடாளுமன்ற உறுப்பினரான லான்ஸ்பரி, பெண்களின் வாக்குரிமைக்காக 1912இல் அப்பதவியைத் தாமே துறந்து, அக்கொள்கையையே முன்வைத்து மீண்டும் போட்டியிட்டுத் தோற்றார். பின்னர் 'டெய்லி ஹெரால்டு' நாளிதழின் ஆசிரியரானார். இவை தனி நூலுக்குரியன; ஈண்டு விரிப்பிற் பெருகும்.

வரி மறுப்பும் சிறைவாசமும்

1919இல் பாப்லர் நகரமன்றத் தேர்தலில் தொழிற்கட்சி 42 இடங்களில் 39ஐ வென்றது. லான்ஸ்பரி அக்கட்சியின் முதல் நகரத் தந்தை ஆனார். அவரது வாழ்வின் உச்சமாகிய போராட்டம் இரண்டாண்டுகள் கழித்து எழுந்தது. அதனைப் புரிந்துகொள்ள வரிக்கணக்கைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

இலண்டன் பல நகரமன்றங்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு மன்றமும் தன் எல்லைக்குள் இருந்த கட்டடங்களின் மதிப்பின்மேல் வரி விதித்தது. மேற்கே மாளிகைகள் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டரில் பவுனுக்கு ஒரு பென்னி வரி விதித்தால் பெருந்தொகை சேரும். குடிசைகளும் கிடங்குகளும் நிறைந்த பாப்லரில் அதே ஒரு பென்னி அதில் மிகச் சிறு பங்கையே தரும். ஆனால் உதவி வேண்டி நின்றோர் பாப்லரில் மிகுதி, வெஸ்ட்மின்ஸ்டரில் குறைவு. ஆகவே ஏழைகளைக் காக்கும் சுமை ஏழைகளின்மேலேயே விழுந்தது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. 1867 முதல் இலண்டன் முழுமைக்குமான பொது ஏழையர் நிதி ஒன்று இருந்து வந்தது. ஒரு முதியவரை விடுதிக்குள் அடைத்தால் அச்செலவில் ஒரு பகுதியை அந்நிதி ஏற்கும். அவரை அவர் வீட்டில் வாழ விட்டு உதவி செய்தால் செலவு முழுவதும் அந்தந்தப் பகுதியின் தலையிலேயே விடியும். மனிதத்தன்மையோடு நடக்கும் ஊருக்கு அபராதம் என்பதே இதன் பொருள். விடுதியின் கதவை முதியோர்க்குத் திறந்து வைத்திருந்தது கொடிய மனம் மட்டுமன்று, இக்கணக்கு முறையுமாகும்.

போருக்குப் பின் வேலையின்மை பெருகிய 1921இல் இச்சுமை தாங்கற்கரியதாயிற்று. மார்ச்சுத் திங்களில் பாப்லர் மன்றம் ஒரு முடிவெடுத்தது. இலண்டன் மாவட்ட மன்றம் முதலிய மேலமைப்புகளுக்காகத் தான் வழக்கமாகத் திரட்டித் தரும் வரியை இனித் திரட்டுவதில்லை என்பதே அது. அம்மேலமைப்புகளுள் தொற்றுநோய் மருத்துவமனைகளையும் மனநலம் குன்றியோர் காப்பகங்களையும் நடத்திய வாரியமும் ஒன்று. பிணியாளர்க்குரிய பணத்தைப் பிணியாளரின் நண்பரே நிறுத்துவதா என எதிரிகள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. செல்வர் பகுதிகள் பங்கேற்கும் வரை வேறு வழியில்லை என்பது லான்ஸ்பரியின் நிலைப்பாடு. தம் கட்சியினருள்ளும் பலர் இதனை ஏற்கவில்லை. ஹாக்னி நகரத் தந்தை ஹெர்பர்ட் மாரிசன் வெளிப்படையாகவே எதிர்த்தார்.

சூலை 29ஆம் நாள் உறுப்பினர்கள் தாரை தப்பட்டை முழங்க ஊர்வலமாக உயர்நீதிமன்றம் சென்றனர். நீதிமன்ற ஆணைக்குப் பணியாமையால் செப்டம்பரில் முப்பது பேர் சிறைப்பட்டனர். ஆடவர் பிரிக்ஸ்டன் சிறையிலும் மகளிர் ஹாலோவே சிறையிலும் வைக்கப்பெற்றனர். லான்ஸ்பரிக்கு அப்போது அகவை 62. அவர்தம் மகன் எட்கரும் மருமகள் மின்னியும் உடன் சிறை புகுந்தனர். நெல்லி கிரெசல் என்னும் உறுப்பினர் கருவுற்றிருந்தார். சிறையின் வெளியே ஒவ்வொரு மாலையும் பாப்லர் மக்கள் திரள்வர். அறைச் சாளரத்தின் கம்பிகளுக்கிடையே நின்று லான்ஸ்பரி அவர்களிடம் உரையாற்றுவார். மகளிரை ஹாலோவேயிலிருந்து வாடகைக் காரில் அழைத்து வந்து, நகரமன்றக் கூட்டத்தைப் பிரிக்ஸ்டன் சிறைக்குள்ளேயே நடத்தவும் அதிகாரிகள் இசைய நேர்ந்தது. உள்ளாட்சி வரலாற்றில் இத்தகைய மன்றக் கூட்டம் வேறெங்கும் நடந்ததாக நாம் அறியோம்.

ஆறு வாரங்கள் கழித்து, அக்டோபர் 12ஆம் நாள் அவர்கள் விடுதலை பெற்றனர். அவ்வாண்டே நிறைவேறிய உள்ளாட்சி நிதிச் சட்டம், வீட்டிலிருப்போர்க்கு வழங்கும் உதவியின் செலவையும் இலண்டன் பொது நிதியிலேற்றியது. வெஸ்ட்மின்ஸ்டரின் மாளிகை, பாப்லரின் மூதாட்டிக்குப் பங்களிக்கத் தொடங்கியது.

வெற்றியின் விலை சிறிதன்று. மின்னி லான்ஸ்பரி போரில் ஊனமுற்ற வீரர்க்கும் கைம்பெண்களுக்கும் ஓய்வூதியம் பெற்றுத்தரும் குழுவில் அரும்பணியாற்றியவர். சிறையிலிருந்து நலிந்து திரும்பிய அவர் 1922 சனவரி முதல் நாள், 32ஆம் வயதில், நிமோனியாக் காய்ச்சலால் மறைந்தார். எட்கர் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். அம்மணத்தில் பிறந்த மகளே பின்னாளில் திரையுலகில் புகழ்பெற்று 2022இல் மறைந்த ஏஞ்சலா லான்ஸ்பரி.

முதுமையும் மறைவும்

'பாப்லரிசம்' என்னும் சொல் ஆங்கிலத்தில் புகுந்தது. வரிப்பணத்தை வாரி இறைத்தல் என்னும் ஏளனப் பொருளில் பத்திரிகைகள் அதனை வழங்கின. 1929ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் காப்பாளர் குழுக்கள் கலைக்கப்பெற்று, 1930 ஏப்ரல் முதல் அவற்றின் பணிகள் மாவட்ட, பெருநகர மன்றங்களைச் சேர்ந்தன. சிறுபான்மை அறிக்கை கேட்டதில் ஒரு பாதி இருபதாண்டுகள் கழித்து நிறைவேறியது. அக்காலத்தே அமைச்சராக இருந்த லான்ஸ்பரி, அரசுப் பூங்காக்களைச் சிறுவர் விளையாடவும் ஏழையர் நீராடவும் திறந்துவிட்டு மகிழ்ந்தார். 1931இல் வட்டமேசை மாநாட்டிற்கு வந்த காந்தியடிகள் பெரிய விடுதிகளைத் தவிர்த்துத் தங்கியது, லான்ஸ்பரி வாழ்ந்த அதே போ பகுதியிலிருந்த கிங்ஸ்லி ஹால் என்னும் தொண்டில்லத்திலேயாம்.

1933ஆம் ஆண்டு அவர்க்குக் கொடிய ஆண்டு. மார்ச்சில் மனைவியார் மறைந்தார். டிசம்பரில் கீழே விழுந்து தொடையெலும்பு முறிந்து, கட்சித் தலைவர் பல திங்கள் மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தார். பிறர் துணையின்றி எழ இயலாத முதியவரின் நிலையை 74ஆம் வயதில் தாமே எய்தினார். போர் எதிர்ப்புக் கொள்கையில் ஊன்றி நின்றமையால் 1935இல் கட்சித் தலைமையைத் துறந்தார். 1937இல் ஹிட்லரையும் முசோலினியையும் நேரிற் கண்டு அமைதி வேண்டினார். அவர்தம் நல்லெண்ணத்தை ஐயுறுவார் இலர். ஆயின், விடுதிக் கண்காணிப்பாளரின் பொய்யைக் கண்டுபிடித்த கூர்மை அங்கே அவர்க்குக் கைகொடுக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். அதே காலத்தில் மீண்டும் பாப்லரின் நகரத் தந்தையாகவும் விளங்கினார். 1940 மே 7ஆம் நாள் தம் 81ஆம் வயதில் காலமானார். போ சாலையில் எந்நேரமும் திறந்திருந்த அவர் வீடு, பின்னர்ப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது.

1948இல் நாட்டுதவிச் சட்டம் ஏழையர் சட்டத்தை அடியோடு நீக்கியது. முதுமையாலும் உடல் நலிவாலும் பராமரிப்பு வேண்டுவோர்க்குத் தங்குமிடம் அளிப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று. கண்பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், நிரந்தர ஊனமுற்றோர் ஆகியோர்க்குப் பணிகள் ஆற்றும் அதிகாரமும் அவற்றிற்குக் கிடைத்தது. சட்டம் மாறியும் கட்டடங்கள் மாறவில்லை. பழைய ஒர்க்ஹவுஸ் கூடங்களிலேயே முதியோர் பல்லாயிரவர் தொடர்ந்து வாழ்ந்ததைப் பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியலறிஞர் 1962இல் ஆய்ந்து வெளிப்படுத்தினார்.

பாப்லரில் மட்டும் வேறொன்று நிகழ்ந்தது. குண்டுவீச்சில் தரைமட்டமான தெருக்களின்மேல் இலண்டன் மாவட்ட மன்றம் புதிய குடியிருப்பு ஒன்றை எழுப்பி, 1951ஆம் ஆண்டின் பிரிட்டன் விழாவில் நாட்டு மக்கள் காண வைத்தது. அதற்கு லான்ஸ்பரி குடியிருப்பு என்று பெயர். வீடுகள், பள்ளிகள், தேவாலயங்கள், அங்காடி ஆகியவற்றோடு, முதியோர் இல்லம் ஒன்றும் அதன் முதற் கட்டடங்களுள் இடம்பெற்றிருந்தது.